மேப்பின் ஓரம் பார்க்கும் அக்கா

என் செல்லங்களா, நேற்று சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் செல்போனை வைத்துக்கொண்டு போட்ட கூச்சல் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. "அப்பா, இந்த கேம் ஏமாத்துதுப்பா! கடல்ல எவ்ளோ தூரம் போனாலும் போட்டைத் திருப்பி வுடுது!" என்று பாப்பா கத்தினாள். "அதுக்கு அந்தாண்ட ஒண்ணும் இல்லடீ, மேப்பே அவ்ளோதான்" என்று தம்பி சொன்னான். "ஒண்ணும் இல்லன்னு நீ போய்ப் பாத்தியா?" என்று பாப்பா திருப்பிக் கேட்டாளே, அப்போது எனக்குக் கையில் இருந்த துணி அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கேள்வியை நான் முன்பே காதால் கேட்டிருக்கிறேன். இதே குரலில், இதே ஆத்திரத்தோடு, வாழ்க்கை முழுவதும் அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். நேற்றே சொல்லியிருக்கலாம். எனக்கு வாயால் சொன்னால் பாதியில் வேறு எங்கோ போய்விடும். அதனால் எழுதுகிறேன். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன் எழுத்து, முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை. நானும் தேசிங்குவும் ஒரே அறை. உங்கள் தேசிங்கு மாமாதான். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம், அவன் மட்டும் கம்பெனிக்கு வந்துவிட்டான். முதல் ஷிப்ட் முடிந்து, முகத்தில் ஒட்டிய கரியைக் கழுவிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஸ்டேஷன் ரோட்டில் இறங்கினால் எதிரே ஒரு கேம் சென்டர். நாலு கம்ப்யூட்டர், ஒரு பெரிய டிவி, மேலே ஒரு மாதா படம், தலைக்கு மேல் கடகடக்கிற ஃபேன். அதை நடத்தியவர்தான் அக்கா. கம்ப்யூட்டர் டிப்ளமோவைப் பாதியில் விட்டவர். அவர் வீட்டுக்காரர் எங்கள் கம்பெனி பஸ்ஸையே ஓட்டினார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்குமோ என்னவோ, அக்கா என்றே எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம், அவரைவிட வயதில் பெரிய வெல்டர்கூட.

நான் முதல் தடவை உள்ளே போன அன்றைக்கு டிவியில் ஒரு புது கேம் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய நகரம். ராத்திரி வெளிச்சம், பாலம், பங்களா. ஒரு திருடன் காரில் பறக்கிறான், அவனைத் துரத்திப் பிடிக்க வேண்டும். அக்கா வண்டியை நேர் எதிர்ப்பக்கம் திருப்பினார்.

"அக்கா, திருடன் அந்தாண்ட போறான்!" என்று நான் பதறினேன்.

"போவட்டும். எங்க போயிடுவான்? மேப்புக்குள்ளதான இருப்பான்?"

ஓட்டிக்கொண்டே போனார். நகரம் முடிந்தது, வயல் முடிந்தது, மலை வந்தது. மலைக்கு மேலே ஒரு இடத்தில் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. முன்னால் ரோடு நன்றாகத் தெரிகிறது, மரம்கூட ஆடுகிறது. ஆனால் போக முடியவில்லை. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பாத்தியா, பாத்தியா! கண்ணாடிச் செவுரு!" அதோடு விட்டாரா? இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு ஸ்விட்ச் தேடுவோமே, அந்த மாதிரி வண்டியால் அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே போனார். எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறாராம். பின்னால் காத்திருந்த பையன்கள் "அக்கா, எங்க டைம் போவுதுக்கா" என்று அழாத குறை.

அவருடைய பழக்கமே அதுதான். கடைக்குப் புது கேம் வந்தால் முதலில் அவர் ஓரம் பார்த்துவிட்டு வர வேண்டும், அப்புறம்தான் மற்றவர்களுக்கு. "ஆட்டம் நடுவுல கீது. அதைப் பண்ணவன் ஓரத்துலதான் கீறான்" என்பார். எனக்கு முதலில் புரியவில்லை. அவர் காட்டக் காட்டத்தான் புரிந்தது. செல்லங்களா, நீங்களும் கவனித்துப் பாருங்கள். நடுவில் எல்லா கேமும் ஒரே மாதிரிதான் இருக்கும், கடை, தெரு, சண்டை. ஓரத்துக்குப் போனால்தான் ஒவ்வொருத்தனும் உங்களை எப்படி நிறுத்துகிறான் என்று தெரியும். ஒரு கேமில் கடலில் நீந்திப் போனால் சுறா வந்து விழுங்கிவிடும். "இவன் அடிக்கிற வாத்தியாரு" என்பார் அக்கா. இன்னொன்றில் திரை சிவப்பாகி, திரும்பிப் போ, திரும்பிப் போ என்று எச்சரிக்கை வரும், கேட்காவிட்டால் எங்கிருந்தோ குண்டு வரும். "இவன் மிலிட்டரி." ஒன்றில் விமானத்தில் போய்க்கொண்டே இருந்தால், நமக்கே தெரியாமல் மூக்கைத் திருப்பி, வந்த பக்கமே பார்க்க வைத்துவிடும். அதுதான் அக்காவுக்கு ரொம்பப் பிடித்தது. "இவன் மாமியாரு. போவாதன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. ஆனா நீ வாசல் தாண்ட மாட்ட."

மோசமான கேம் ஒன்று இருந்தது. அதில் ஓரமே கட்டவில்லை. வண்டி தாண்டியதும் தரை இல்லை, வெறும் நீலத்துக்குள் விழுந்துகொண்டே இருக்கும். நிறுத்தாமல் விழும். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு முடித்தார். "பாவம்டா. பண்ணவன் வேலைய வுட்டு நின்னுட்டான்போல" என்றார். நிஜமாகவே அந்த ஆளுக்காக வருத்தப்பட்டார்.

இந்தப் பைத்தியம் கேமோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தேசிங்குவும் கடைக்குப் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, அக்கா ஸ்கூட்டியில் உட்கார்ந்திருக்கிறார். "வரீங்களா? ஆந்திரா எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு பாத்துட்டு வரலாம்."

"எளாவூர் செக்போஸ்ட்டு தாண்டினா போர்டே இருக்குமேக்கா" என்றேன்.

"அது கவர்மெண்டு சொல்ற எடம். போனு எந்த எடத்துல சொல்லுது, அதைப் பாக்கணும்."

அப்போதெல்லாம் ஆந்திரா எல்லைக்குப் போனால் போனில் ரோமிங் மெசேஜ் வரும், உங்களை வரவேற்கிறோம் என்று. அது எந்த அடியில் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். ஆரம்பாக்கம் தாண்டி ஹைவே ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். ஒரு பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் டிங் என்றது. அக்கா குதித்தார். போனை அணைத்துப் போட்டு, பின்னால் வந்து, மறுபடி நடந்து, மறுபடி டிங். பஞ்சர் கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னாம்மா தொலைச்சுட்ட? கம்மலா?"

"இல்ல நைனா, பார்டரைத் தேடுறேன்."

"பார்டரா? அத எவன் திருடுவான்?"

அவர் போனையும் வாங்கி நடந்து பார்த்தோம். அவருக்குப் பஞ்சர் பட்டறைக்கு உள்ளே, காற்றடிக்கிற மெஷினுக்கும் டியூப் முக்குகிற தொட்டிக்கும் நடுவில் மெசேஜ் வந்தது. அவர் ஆடிப்போய்விட்டார். "அட, அப்ப நான் காத்தடிக்கிறது தமிழ்நாடு, பஞ்சர் ஒட்டுறது ஆந்திராவா!" அன்றைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இப்போதும் எனக்கு வயிற்றில் இருக்கிறது.

இப்படிப்பட்டவர் ஒருநாள் என்ன செய்தார் தெரியுமா? தானே ஒரு மேப் போட ஆரம்பித்துவிட்டார்.

இலவசமாகக் கிடைக்கிற ஒரு சாஃப்ட்வேர், வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பெட்டி பெட்டியாக வீடு நிறுத்துவார். செல்போனில் எடுத்த போட்டோவை அந்தப் பெட்டியின் சுவரில் ஒட்டுவார். அவ்வளவுதான், நம்ம ஊர் வந்துவிட்டது! ஸ்டேஷன் வந்தது, பிளாட்பாரத்தில் சுண்டல் விற்கிற கூடை வந்தது, கேம் சென்டர் வந்தது. ஓட்டுவதற்கு ஒரு மஞ்சள் ஆட்டோ, ஏரியில் போக ஒரு போட்டு. அந்த ஆட்டோ முதல் தடவை எங்கள் ஸ்டேஷன் ரோட்டில் ஓடியதைப் பார்த்தபோது, செல்லங்களா, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனை கேமில் எத்தனை வெளிநாட்டு ரோட்டில் ஓட்டியிருக்கிறோம். நம்ம டீக்கடை பெஞ்ச் கேமுக்குள் வந்தால் அது வேறுதான்.

உடனே ஆளாளுக்கு நச்சரிப்பு. என் ரூமைப் போடு, எங்கள் மெஸ்ஸைப் போடு, அத்திப்பட்டு கரண்ட் கம்பெனி புகைபோக்கியைப் போடு. நான் என் பங்குக்குச் சொந்த ஊரான கடம்பத்தூரையே போடச் சொன்னேன். "அது எங்க இருக்குது, நான் எங்க போறது?" என்று அக்கா துரத்தினார். ஏனென்றால் அந்தப் பழைய கம்ப்யூட்டர் கொஞ்சம்தான் தாங்கும். ஒரு அளவைத் தாண்டினால் ஹேங்காகி நின்றுவிடும். அப்படியென்றால் எங்காவது ஓரம் கட்டித்தான் ஆக வேண்டும். மற்றவன் போட்ட ஓரத்தையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தவருக்கு இப்போது தானே ஓரம் போட வேண்டிய வேலை!

அதில் அவர் காட்டிய புத்தி இருக்கிறதே. சுவர் வைக்கவில்லை, சுறா விடவில்லை. நம்ம ஊரில் மனுஷனை எது நிஜமாக நிறுத்துகிறதோ அதையே வைத்தார். சென்னைப் பக்கம் போனால் ரயில்வே கேட் மூடியிருக்கும், கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் நின்றாலும் அந்தக் கூட்ஸ் முடியாது. அதைப் பார்த்து கடையே சிரித்தது, அந்த கேட்டில் நிற்காதவன் எங்களில் யார்? ஆந்திரா பக்கம் போனால் செக்போஸ்ட்டில் லாரி வரிசை. சிப்காட் பக்கம் போனால் செக்யூரிட்டி குறுக்கே வந்து "பாஸ் எங்க?" என்பார். அந்தக் குரல் அக்கா வீட்டுக்காரருடையது.

கிழக்கே ஏரிப் பக்கம் என்ன செய்வது என்று மட்டும் குழப்பம். தேசிங்குதான் சொன்னான். "தண்ணி நடுவுல செவுரு வெச்சிடாதக்கா. எங்க ஏரியில பாடு இருக்குது. இன்னிக்கு இந்த எடத்துல வலை போட எவன் முறையோ அவன்தான் போடணும், சீட்டு குலுக்கிப் பிரிச்சுக்குவோம். கோடு கீடு எதுவும் கிடையாது. தாண்டினா ஒரு குரல் வரும் பாரு, அவ்ளோதான்."

"இன்னா குரலு? செஞ்சு காட்டு."

தேசிங்கு எழுந்து நின்று, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்: "ஏய்ய்… யாரு போட்டு அது? இது எங்க பாடு! திருப்புடா!" அக்கா அதை அப்படியே போனில் பிடித்து ஏரியில் போட்டுவிட்டார். இன்றைக்கும் தேசிங்கு அதைப் பெருமையாகச் சொல்லுவான், நான் கேமில் நடிச்சிருக்கேன் என்று.

எல்லா ஓரமும் முடிந்தது, ஒன்றைத் தவிர.

அக்கா பிறந்தது அந்த ஊர்க் காலனியில். அவருடைய அம்மா அங்கேதான் இருந்தார், கடைசி வரிசையில் ஓட்டு வீடு. அக்கா மேப்பைத் தன் அம்மா வீட்டிலிருந்துதான் போட ஆரம்பித்தார். காலனி, சர்ச், ஓடை, ஸ்டேஷன் ரோடு, கடை என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்து, ஓடைக்கு இந்தப் பக்கம் ஊர்த்தெரு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சிமெண்ட் வளைவு இருக்கும், அங்கே வந்ததும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் தெருவைத் தூரத்துப் படமாக ஒட்ட மட்டும்தான் முடிந்தது. பார்க்கலாம், போக முடியாது.

"இங்க இன்னாக்கா வைக்கப் போற?" என்று தேசிங்கு கேட்டான். "நாய் வுடலாமா? நல்லாக் கொலைக்கிற நாயா?"

"ஒண்ணும் வைக்கல."

"ஒண்ணுமே வைக்காம ஆட்டோ எப்படிக்கா நிக்கும்?"

"நிக்கும். எங்க தாத்தா நின்னாரு, எங்கம்மா நின்னுது. அங்க இன்னா செவுரா இருந்துச்சு? கேட்டா? இப்ப யாரும் போவாதன்னுகூட சொல்றது கிடையாது. ஆனா நாங்க இன்னிக்கும் ஓடைக்கரையோட சுத்திக்கினுதான் ஸ்டேஷனுக்கு வரோம். பழக்கம்."

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்து, "இன்னா மூஞ்சிங்க தொங்கிப்போச்சு? போய் டீ சொல்லு" என்றார்.

ஆனால் சிக்கல் அது மட்டும் இல்லை. கடையின் ஓனர் வீடு அந்த ஊர்த்தெருவில்தான். நல்ல மனுஷன். ஸ்டேஷன் ரோட்டில் காலனிக்காரர்களுக்குக் கடை வாடகைக்குக் கொடுத்தவர் அவர் ஒருத்தர்தான், அதற்காக அவர் தெருவில் பேச்சும் வாங்கியிருக்கிறார். கேம் சென்டரைப் பொம்மைக் கொட்டாய் என்று கிண்டல் செய்வார், ஆனால் தினம் வந்து எட்டிப் பார்ப்பார். மேப் முடிந்ததும் ஆயுத பூஜைக்குக் காட்டுகிறோம் என்று அவரிடம் அக்காவே சொல்லியிருந்தார். அவர் வந்து ஓட்டினால் தன் வீட்டுக்குத்தானே முதலில் போவார்?

"அவர் தெருவைப் போட்டுடுக்கா" என்று நான் சொன்னேன். "காலனியில கடைசி ரெண்டு வரிசையை எடுத்தா எடம் வந்துடும்ல?"

"அந்த ரெண்டு வரிசையிலதான் எங்கம்மா ஊடு கீது."

"கோவம் வந்து கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டா?"

"அதாண்டா பேஜாரு. கெட்டவனா இருந்தா கவலையே இல்ல. நல்ல மனுஷன்." அக்கா மவுஸைப் பிடித்தார். கடைசி வரிசையை அழித்தார். தெரு வந்தது. அதைப் பார்த்தார். தெருவை அழித்துவிட்டு வரிசையைத் திரும்பப் போட்டார். அந்தக் கடையை விட்டால் அவருக்கு அந்த ரோட்டில் வேறு கடை கிடைக்காது. அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, "வரட்டும் பாத்துக்கலாம்" என்றார்.

ஆயுத பூஜை அன்றைக்கு சிப்காட் முழுக்க மெஷினுக்குப் பொட்டு, லாரிக்கு வாழைமரம். அக்கா மாதாவுக்கு ஒரு மாலை, மானிட்டருக்கு ஒரு மாலை போட்டிருந்தார். "மெஷினுக்குச் சாதி மதம் கிடையாது, பொரி கட்டு" என்று எங்களை வேலை வாங்கினார். பத்து மணிக்கு ஓனர் வெள்ளை வேட்டியில் வந்தார். நாற்காலி போட்டோம்.

"எனக்கு இதெல்லாம் ஓட்டத் தெரியாதும்மா."

"மொபெட்டு ஓட்டுற கைதானண்ணே? உக்காருங்க."

உட்கார்ந்தார். முதலில் இரண்டு தடவை டீக்கடையில் மோதினார். அப்புறம் பிடிபட்டது. ரயில்வே கேட்டைப் பார்த்து, "இங்கயும் கூட்ஸா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். ஏரியில் தேசிங்கு குரல் வந்ததும் துள்ளிவிட்டார். கரையேறி ஆட்டோவைக் காலனிக்குள் விட்டார். சந்து சந்தாகப் போனார். "இது யாரு ஊடு? பூச்செடி நல்லா கீதே." "அது யாருது, ரெண்டு மாடி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வரிசையில், "இது எங்கம்மா ஊடுண்ணே" என்றார். "ஓ" என்றார் அவர். அறுபது வயது மனுஷன், ஓடைக்கு இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அந்தச் சந்துகளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்பது அவர் கேட்ட கேள்வியிலேயே தெரிந்தது.

"சரி, எங்க ஊட்டுக்கு எப்படிப் போறது?"

அவரே வழி கண்டுபிடித்துவிட்டார். வளைவு வந்தது. ஆட்டோ நின்றது.

"இன்னா நிக்குது? பெட்ரோல் இல்லியா?"

"மேப்பு அவ்ளோதாண்ணே."

"தெரு தெரியுதேம்மா. அதோ எங்க ஊட்டு மாடி, தண்ணி டேங்க்."

"தெரியும். உள்ள போவ முடியாது."

"யாரு போவக் கூடாதுன்னது?"

"யாரும் சொல்லலண்ணே" என்றார் அக்கா. "ஆனா போவாது."

அவர் மறுபடி பட்டனை அழுத்தினார். ஆட்டோ சத்தம் போட்டது, நகரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வெளியே நின்றபடி தன் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி அக்காவை ஒரு தடவை பார்த்தார். எழுந்தார். "மழை வரமாதிரி கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பொரிப் பொட்டலம் நாற்காலியிலேயே இருந்தது.

அதற்கப்புறம் அவர் கடைப் பக்கமே வரவில்லை. "இப்பவாச்சும் மாத்திடுக்கா" என்று தேசிங்கு கெஞ்சினான். "மாத்தினா பொய்யாயிடும்டா" என்றார். ஆனால் அவர் பயந்துபோயிருந்தார். கவரைப்பேட்டையில் ஏதாவது கடை காலியாக இருக்கிறதா என்று வீட்டுக்காரரை விசாரிக்கச் சொன்னார். வேண்டாத ஒயர்களை அட்டைப் பெட்டியில் போட ஆரம்பித்தார். அந்த நாட்களில் மட்டும் அவர் எந்த கேமிலும் ஓரத்துக்குப் போகவில்லை.

ஒரு மதியம் நாங்கள் இருக்கும்போதே ஓனர் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றார். அக்கா எழுந்து நின்றார்.

"ஏம்மா, எங்க ஊட்டு கேட்டு பச்சை. நீ நீலம் போட்டு வெச்சிக்கிற."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அது… பழைய போட்டோண்ணே. தூரத்துல நின்னு எடுத்தது."

"தூரத்துல நின்னு எடுத்தா அப்படித்தான். போன பொங்கலுக்கே பச்சை அடிச்சாச்சு. எங்க ஊட்டம்மாகிட்ட சொன்னேன், அப்படியா போட்டிருக்குன்னு சண்டைக்கு வருது." கொஞ்சம் நிறுத்தினார். "வந்து சரியா எடுத்துக்கினு போ. தெரு பூராவும் எடு. யாரானா கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. இல்ல, கேட்டா என்னைக் கூப்புடு."

அப்புறம், செல்லங்களா, அவர் ஸ்கூட்டி சாவியைத் தேடிய தேடல் இருக்கிறதே! சாவி அவர் கையிலேயே இருந்தது. கடையை எங்கள் பொறுப்பில் விட்டுவிட்டுப் பறந்துவிட்டார். நாங்கள் ஷட்டரை இழுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினோம். வளைவுக்குக் கீழே ஸ்கூட்டி கொஞ்சம் மெதுவானது. நிற்கவில்லை. உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் திரும்பி வந்தார், போன் நிறைய போட்டோ, முகமெல்லாம் வேர்வை. "இன்னாக்கா இருந்துச்சு உள்ள?" என்று நானும் தேசிங்குவும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"ஒண்ணும் இல்லடா! மாடி ஊடு நாலு, ரெண்டு நாயி, ஒரு அடி பம்பு. ஓனர் ஊட்டம்மா மோர் குடுத்துச்சு. உப்பு ஜாஸ்தி." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். "இதுக்காடா இத்தினி வருஷமா சுத்திக்கினு போனோம்?"

தெரு கேமுக்குள் வரவில்லை. கம்ப்யூட்டர் கடைசி வரைக்கும் தாங்கவில்லை. கேட் மட்டும் பச்சையானது. ஆனால் அக்கா அதற்கப்புறம் அம்மா வீட்டிலிருந்து கடைக்கு அந்தத் தெரு வழியாகத்தான் வந்தார். சில பேர் முறைத்தார்கள். "முறைக்கட்டும், புது லெவலு" என்பார்.

அப்புறம் எல்லார் கைக்கும் செல்போன் வந்துவிட்டது, கேம் சென்டருக்கு ஆள் வரவில்லை. அக்கா வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். எங்கே இருந்தாலும் ஏதாவது ஒன்றின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருப்பார், அது நிச்சயம்.

ஒன்று மட்டும் பாக்கி. அக்கா மோர் குடித்துவிட்டு வந்ததற்கு அடுத்த லீவில் நான் கடம்பத்தூருக்குப் போனேன். நம்ம ஊருக்கும் காலனி உண்டு, உங்களுக்குத் தெரியும். ஊர்த்தெருவில் இருக்கிற தாத்தா வீட்டிலிருந்து நம்ம கடலைக் கொல்லைக்குப் போக, காலனிப் பக்கம் போகாமல், ஏரிக்கரையைச் சுற்றித்தான் நான் சின்ன வயதிலிருந்து போவேன். ஏன் என்று யோசித்ததே இல்லை. அன்றைக்குச் சாப்பிட்டதும் யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, ஏரிக்கரைப் பக்கம் திரும்பாமல் நேராகக் காலனித் தெருவுக்குள் நடந்தேன். ஒரு வாசலில் வடகம் காய்ந்தது. ஒரு கோழி குறுக்கே ஓடியது. கடைசி வீடு வரைக்கும் போய், அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலைச் செடி, நடுவில் எங்கள் மோட்டார் கொட்டாய்.

வரப்பில் ஏறி, எங்கள் கொல்லைக்குள் இறங்கினேன்.